மின்சார காரும் ஹைப்ரிட் காரும்: வாங்கும் முன்பும் வாங்கிய பிறகும் கேட்கப்படும் கேள்விகள்

மின்சார கார் வாங்கலாமா என்று யோசிப்பவர்களும், வாங்கிவிட்டு முதல் வாரத்தில் குழம்புபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவை இங்கே இருக்கின்றன. எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்த ஹைப்ரிட் பற்றிய கேள்விகள் பின்பாதியில் வருகின்றன.

மின்சார கார் எனக்குச் சரிப்பட்டு வருமா? முதலில் எதைப் பார்ப்பது?

காரைப் பார்ப்பதற்கு முன் அது இரவில் நிற்கப்போகும் இடத்தைப் பாருங்கள். அங்கே மின் இணைப்பு இருக்கிறதா? இல்லையென்றால் கொண்டுவர முடியுமா? இந்தப் பக்கத்தில் வரும் பல பதில்கள் இதைப் பொறுத்தே மாறும்.

வீட்டில் சார்ஜ் போட முடிகிறவருக்கு மின்சார கார் மிகவும் சுகமான வண்டி. வந்ததும் செருகுகிறீர்கள், காலையில் பிடுங்கிக்கொண்டு கிளம்புகிறீர்கள். சார்ஜ் ஏற எட்டு மணி நேரம் ஆனாலும் அதில் உங்கள் நேரம் அரை நிமிடம்தான். அதே காரை வீட்டில் பிளக் இல்லாதவர் வாங்கினால், வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை சார்ஜரைத் தேடிப் போக வேண்டும், ஆள் இருந்தால் காத்திருக்க வேண்டும், பழுது என்றால் அடுத்த இடத்துக்கு ஓட வேண்டும். ஒரே மாடலை ஒருவர் கொண்டாடுவதும் இன்னொருவர் திட்டித் தீர்ப்பதும் பல நேரம் இதனால்தான். இருவரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள்.

அடுத்தபடியாக, ஒரு சாதாரண நாளில் எத்தனை கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள் என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். ஆண்டுக்கு ஓரிரு முறை போகும் நீண்ட பயணத்தை நினைத்துப் பெரிய பேட்டரி வாங்கி, மற்ற நாளெல்லாம் அந்தக் கூடுதல் எடையைச் சுமந்து திரிபவர்கள் நிறைய பேர்.

கிலோவாட், கிலோவாட்-மணி இரண்டும் குழப்புகிறதே?

கிலோவாட்-மணி என்பது உங்கள் மின் மீட்டரில் ஓடும் அதே யூனிட். பேட்டரி எவ்வளவு கொள்ளும் என்பதை யூனிட்டில் சொல்கிறோம், எவ்வளவு வேகமாக ஏறும் என்பதைக் கிலோவாட்டில். 7 கிலோவாட் சார்ஜர் ஒரு மணி நேரத்தில் 7 யூனிட் தரும். அவ்வளவுதான் கணக்கு.

நடுத்தர அளவுள்ள கார் 100 கி.மீ. ஓட ஏறக்குறைய 15 முதல் 20 யூனிட் எடுக்கும். இன்று விற்பனையில் உள்ள பெரும்பாலான கார்களின் பேட்டரி 40 முதல் 80 யூனிட் வரை கொள்ளும். ஒரு லிட்டர் பெட்ரோலில் கிட்டத்தட்ட 9 யூனிட் ஆற்றல் அடங்கியிருக்கிறது. அப்படிப் பார்த்தால் 60 யூனிட் பேட்டரியில் இருப்பது ஏழு லிட்டர் பெட்ரோலுக்கும் குறைவான ஆற்றல். அதை வைத்து 350 கி.மீ. ஓட முடிவதற்குக் காரணம், மோட்டார் வாங்கும் மின்சாரத்தில் பெரும்பகுதியைச் சக்கரத்துக்குக் கொடுத்துவிடுகிறது. எஞ்சினோ எரிபொருளின் ஆற்றலில் பெரும்பகுதியை வெப்பமாக வெளியே விட்டுவிடும்.

கட்டணம் கணக்கிடும்போது ஒன்றை மறக்க வேண்டாம். பேட்டரிக்குள் போவதைவிட மீட்டரில் 10 முதல் 15 சதவீதம் வரை அதிகம் ஓடலாம். மின்சாரத்தை மாற்றும்போதும் பேட்டரியைக் குளிர்விக்கும்போதும் கொஞ்சம் போய்விடும்.

வீட்டில் இருக்கும் சாதாரண பிளக் பாயின்ட்டிலேயே சார்ஜ் போடலாமா?

போதுமா என்று கேட்டால், பலருக்குப் போதும். 230 வோல்ட்டில் 10 ஆம்பியர் என்றால் 2.3 கிலோவாட். தினம் 40 கி.மீ. ஓட்டுபவருக்குத் தேவை 6 முதல் 8 யூனிட், அதாவது மூன்று நான்கு மணி நேரம். இரவு முழுக்கக் கார் சும்மாதான் நிற்கப்போகிறது. 120 வோல்ட் மின்சாரம் உள்ள நாடுகளில் சாதாரண பிளக் 1.4 கிலோவாட் அளவுதான் தரும். அங்கே இது இழுபறியாக இருக்கும்.

பாதுகாப்பா என்று கேட்டால், பாயின்ட்டைப் பொறுத்தது. இஸ்திரிப் பெட்டியோ மிக்ஸியோ சில நிமிடம்தான் அதிக மின்சாரம் இழுக்கும். கார் மணிக்கணக்கில் விடாமல் இழுக்கும். தளர்ந்த திருகு, பழைய சாக்கெட், மெல்லிய வயர் எல்லாம் அந்த நேரத்தில்தான் சூடாகி உருக ஆரம்பிக்கும். அதனால் மெயின் போர்டிலிருந்து காருக்கென்றே தனி லைன், சுமை கூடினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் தனி எம்.சி.பி., ஒழுங்கான எர்த் மூன்றும் வேண்டும். கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.டி.யும் வேண்டும். கார் சார்ஜரில் டி.சி. (நேர்திசை மின்சார) கசிவும் வரலாம் என்பதால் அதையும் கண்டுபிடிக்கிற வகையாகப் போடச் சொல்லுங்கள். பல சுவர் சார்ஜர்களில் இது உள்ளேயே இருக்கும். எர்த் சரியில்லை என்றால் பெரும்பாலான கார்கள் சார்ஜ் ஏற்றவே மறுக்கும். அப்போது காரைக் குறை சொல்லாமல் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம், சுருட்டி வைத்த கேபிளில் போடவே கூடாது. சுருளுக்குள் வெப்பம் வெளியேற வழியில்லை. முதல் சில நாட்கள் சார்ஜ் ஓடும்போது பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். லேசான சூடு சரி. கை வைக்க முடியாத அளவு சுட்டால் நிறுத்திவிட்டுப் பாயின்ட்டை மாற்றுங்கள்.

22 கிலோவாட் சுவர் சார்ஜர் போட்டால் மூன்று மடங்கு வேகமாக ஏறுமா?

அநேகமாக ஏறாது. வீட்டுக்கு வருவது ஏ.சி. (மாறுதிசை) மின்சாரம், பேட்டரிக்கு வேண்டியது டி.சி. அதை மாற்றித் தரும் கருவி காருக்குள் இருக்கிறது. சுவரில் மாட்டுவது கிட்டத்தட்ட ஒரு புத்திசாலி ஸ்விட்ச்தான். காருக்குள் இருக்கும் கருவி 7.4 கிலோவாட் வாங்கும் என்றால், சுவரில் எதை மாட்டினாலும் 7.4தான். 11 கிலோவாட் வாங்கும் கார்கள் நிறைய உண்டு, ஆனால் அதற்கு த்ரீ பேஸ் இணைப்பு வேண்டும். சிங்கிள் பேஸ் வீட்டில் 32 ஆம்பியரில் கிடைக்கும் 7.4 கிலோவாட்டே பெரும்பாலும் உச்சம். சார்ஜர் விளம்பரத்தைப் படிக்கும் முன் காரின் விவரக் குறிப்பைப் படியுங்கள்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். என்ன செய்வது?

தொழில்நுட்பச் சிக்கலைவிட இங்கே ஆட்களின் சிக்கல்தான் பெரிது. யார் மீட்டரில் ஓடும், வயர் எந்த வழியாக வரும், செலவு யாருடையது என்று தொடங்கி, “எல்லோரும் ஒரே நேரத்தில் போட்டால் கட்டடத்தின் மின் இணைப்பு தாங்குமா?” என்பதில் வந்து நிற்கும்.

கடைசிக் கேள்விக்குப் பதில் இருக்கிறது. சுமையைப் பங்கிட்டுக் கொடுக்கும் சார்ஜர்கள் வந்துவிட்டன. மொத்தம் இவ்வளவுதான் என்று வரம்பு வைத்துவிட்டால், அதற்குள் எத்தனை கார் நின்றாலும் பிரித்துக் கொடுக்கும். எல்லோருக்கும் காலைக்குள் ஏறினால் போதும் என்பதால் மெதுவாக ஏறுவதை யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள். சங்கக் கூட்டத்துக்குத் தனியாகப் போகாமல், கார் வாங்கும் எண்ணம் உள்ள நான்கைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு, பொது வயரிங்கை ஒரே தடவையில் போடும் திட்டத்தோடு போங்கள். ஆளுக்கொரு வயர் இழுத்தால் செலவும் கூடும், சண்டையும் கூடும்.

எதுவும் நடக்கவில்லை என்றால்? அலுவலகத்தில் நாள் முழுக்கச் செருகி வைக்க முடியுமானால் அது வீட்டு பிளக்குக்குச் சமம். அதுவும் இல்லாமல் பொது இடங்களில் உள்ள வேகச் சார்ஜரை மட்டும் நம்பி வாழ்வது முடியாததல்ல, ஆனால் வீட்டில் போடுவதைவிட யூனிட்டுக்குக் கூடுதல் பணம் போகும். எரிபொருளில் மிச்சம் பிடிக்கலாம் என்பதற்காகவே கார் வாங்கினால் அந்த மிச்சம் இங்கேயே கரைந்துவிடும். இப்படிப்பட்டவர்களுக்குச் செருகத் தேவையில்லாத சாதாரண ஹைப்ரிட்தான் நல்லது என்பது என் கருத்து. மின்சார கார் ஆர்வலர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி.

சார்ஜரில் 150 கிலோவாட் என்று எழுதியிருக்கிறது. என் காருக்கு 60தான் வருகிறது. ஏமாற்றுகிறார்களா?

இல்லை. இது வேகச் சார்ஜர், காருக்குள் இருக்கும் மாற்றும் கருவியைத் தாண்டி நேராகப் பேட்டரிக்கே டி.சி. தரும். அந்த 150 சார்ஜரின் உச்சவரம்பு. எவ்வளவு வாங்குவது என்பதை நொடிக்கு நொடி முடிவு செய்வது கார். அது பல காரணங்களால் குறைத்துக் கேட்கும்.

முதலாவது, பேட்டரி எந்த அளவு நிரம்பியிருக்கிறது என்பது. சார்ஜ் ஆகும்போது லித்தியம் அயனிகள் எதிர்முனையில் இருக்கும் கிராஃபைட் அடுக்குகளுக்குள் போய் உட்கார்கின்றன. காலியாக இருக்கும்போது வேகமாக உள்ளே தள்ளலாம். நிரம்ப நிரம்ப இடம் குறைகிறது. அப்போதும் தள்ளினால் அயனிகள் உள்ளே போகாமல் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படிந்துவிடும். அது பேட்டரிக்குக் கேடு. அதனால் கார் படிப்படியாக வேகத்தைக் குறைக்கிறது. உச்ச வேகம் பெரும்பாலும் பாதிக்குக் கீழே இருக்கும்போதுதான் கிடைக்கும். 80 சதவீதத்துக்கு மேல் நகர்வது ஆமை வேகம்தான். நிறுவனங்கள் எப்போதும் “10 முதல் 80 சதவீதம் வரை இத்தனை நிமிடம்” என்றே சொல்வது இதனால்தான்.

இரண்டாவது வெப்பநிலை. குளிர்ந்த பேட்டரிக்கும் அதே படிவு ஆபத்து உண்டு. பல கார்களில் திரையில் வழிகாட்டும் வரைபடத்தில் சார்ஜரையே போகும் இடமாகக் குறித்தால், அங்கே சேர்வதற்குள் பேட்டரியைச் சூடாக்கித் தயார் செய்துவிடும். இந்த வசதி இருப்பது தெரியாமலே ஓட்டுபவர்கள் அதிகம். மறுபுறம், கடும் வெயிலில் நெடுஞ்சாலையில் விரட்டிக்கொண்டு வந்த பேட்டரி ஏற்கெனவே சூடாக இருக்கும், அதனாலும் வேகம் குறையும்.

மூன்றாவது, பக்கத்தில் நிற்கும் கார். சில நிலையங்களில் மின்சாரம் தரும் ஒரே அலமாரியை, காரில் செருகும் இரண்டு ‘துப்பாக்கிகள்’ (கேபிள் முனைகள்) பங்கிட்டுக்கொள்கின்றன. அந்தப் பக்கம் ஒருவர் இருந்தால் உங்களுக்குப் பாதி. வேறு இடம் காலியாக இருந்தால் அங்கே போய் நிறுத்துங்கள்.

இன்னொன்றும் உண்டு. போர்ஷே டைகான் 2019-இல் வந்ததிலிருந்து பேட்டரி 800 வோல்ட்டில் இயங்கும் கார்கள் பெருகிவருகின்றன. இவற்றில் சில, பழைய 400 வோல்ட் சார்ஜரில் மிக மெதுவாகத்தான் ஏறும். காரின் விவரக் குறிப்பில் இதையும் தேடிப் பாருங்கள்.

நீண்ட பயணத்தில் இதை வைத்துத் திட்டமிட்டால், ஒரே இடத்தில் 100 வரை ஏற்றிக் காத்திருப்பதைவிட 10-இல் நுழைந்து 60, 70-இல் கிளம்பி அடுத்த இடத்தில் மறுபடி போடுவது மொத்தத்தில் விரைவு. அடுத்த சார்ஜர் நம்பகமானதா என்று தெரியாத பாதையில் மட்டும் இந்தக் கணக்கை மறந்துவிட்டுக் கூடுதலாக ஏற்றிக்கொள்ளுங்கள்.

எப்போதும் 80 சதவீதத்தில் நிறுத்த வேண்டுமா?

உங்கள் பேட்டரி என்ன வகை என்பதைப் பாருங்கள். நிக்கல் கலந்த என்.எம்.சி. பேட்டரி முழுச் சார்ஜில் நெடுநேரம் கிடந்தால் சீக்கிரம் முதுமையடையும். அன்றாடத்துக்கு 80, பயணத்துக்கு முந்தைய இரவு 100 என்பது நல்ல பழக்கம். இரும்பு பாஸ்பேட் வகையான எல்.எஃப்.பி. பேட்டரியில் 20-க்கும் 80-க்கும் இடையே வோல்ட்டேஜ் அதிகம் மாறுவதில்லை. அதனால் எவ்வளவு மீதம் இருக்கிறது என்று காருக்கே சரியாகத் தெரியாமல் போய்விடும். அவ்வப்போது 100 வரை ஏற்றினால்தான் கணக்கு நேராகும், பல தயாரிப்பாளர்கள் வாரம் ஒரு முறை என்கிறார்கள். உங்கள் காரின் கையேடு சொல்வதே இறுதி.

நிறையச் சார்ஜோடு கிளம்பினால் ஒன்றைக் கவனிப்பீர்கள்: ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் வண்டி வழக்கம்போல் வேகம் குறையாது. வழக்கமாக அப்போது மோட்டார் மின்சாரம் தயாரித்துப் பேட்டரிக்கு அனுப்பியபடி வேகத்தைக் குறைக்கும். பேட்டரியில் இடமில்லாததால் மோட்டாரால் மின்சாரத்தைத் திருப்பி அனுப்ப முடியவில்லை, அவ்வளவுதான். மலையிலிருந்து இறங்கும் பயணம் என்றால் கொஞ்சம் குறைவாகவே ஏற்றிக்கொண்டு கிளம்புங்கள்.

எத்தனை வகை பிளக்? எது எங்கே?

ஐரோப்பாவிலும் இன்னும் பல நாடுகளிலும் மெதுவான சார்ஜுக்கு டைப் 2, வேகச் சார்ஜுக்கு அதன் கீழே இரண்டு துளை சேர்ந்த சி.சி.எஸ். 2. சீனாவுக்கு ஜி.பி/டி. ஜப்பானில் பிறந்த சாடெமோ பழைய நிசான் லீஃப் போன்றவற்றில் இருக்கும். ஜப்பானுக்கு வெளியே அது மறைந்துவருகிறது. வட அமெரிக்காவில் சி.சி.எஸ். 1 இருந்தது. டெஸ்லா 2022 நவம்பரில் தன் பிளக்கின் வரைபடத்தை வெளியிட்ட பிறகு மற்ற நிறுவனங்களும் ஒவ்வொன்றாக அதற்கு மாறத் தொடங்கின. பழைய கார் வாங்கும்போதும் வெளிநாட்டிலிருந்து இறக்குமதியானதை வாங்கும்போதும் இதை முதலில் பாருங்கள்.

சொன்ன ரேஞ்ச் ஏன் கிடைப்பதில்லை?

ரேஞ்ச் என்பது ஒரு முழுச் சார்ஜில் ஓடும் தூரம். சோதனைச் சாலையில் எடுத்த எண் அது. சோதனை முறையிலும் வித்தியாசம் உண்டு: ஒரே காருக்குச் சீனாவின் சி.எல்.டி.சி. முறை மிகத் தாராளமான எண் கொடுக்கும், ஐரோப்பாவின் டபிள்யூ.எல்.டி.பி. அதைவிடக் குறைவு, அமெரிக்காவின் இ.பி.ஏ. இன்னும் குறைவு. இரண்டு கார்களை ஒப்பிடும்போது ஒரே முறையில் எடுத்த எண்களை வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றாடத்தில் பெரிய எதிரி வேகம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கேற்ப ஏறும். 90-இலிருந்து 120-க்குப் போனால் அந்த எதிர்ப்பு ஏறக்குறைய 78 சதவீதம் கூடுகிறது. பெட்ரோல் காரில் நெடுஞ்சாலையில்தான் மைலேஜ் நன்றாகக் கிடைக்கும், மின்சார காரிலோ நகரத்தில்தான். புதிதாக வருபவர்களுக்கு இது பழக நாளாகும்.

அப்புறம் குளிர். பேட்டரியும் சுணங்கும், காருக்குள் சூடாக்கவும் மின்சாரம் போகும். எஞ்சினின் வீண் வெப்பம் பெட்ரோல் காரில் அந்த வேலையை இலவசமாகச் செய்துகொண்டிருந்தது. உறைபனிக் காலத்தில் ரேஞ்ச் கால்பங்கு குறைவது சாதாரணம், குறுகிய பயணங்களில் இன்னும் அதிகமாகக் குறையும். வெளிக்காற்றின் வெப்பத்தை உள்ளே கொண்டுவரும் வெப்பப் பம்ப் உள்ள கார் இந்த இழப்பைக் குறைக்கும். கிளம்பும் முன் பிளக்கில் இருக்கும்போதே காரைச் சூடாக்குவது எல்லாக் காருக்கும் உதவும். கோடையில் இழப்பு இவ்வளவு இருக்காது. 35 டிகிரியை 24-க்கு இறக்குவதைவிட உறைநிலையிலிருந்து 22-க்கு ஏற்றுவது பெரிய வேலை.

போக்குவரத்து நெரிசலில் மணிக்கணக்கில் மாட்டிக்கொண்டால்?

நிற்கும் காரில் மோட்டார் எதுவும் எடுக்காது. ஏர்கண்டிஷனர் அல்லது ஹீட்டர் மணிக்கு ஒன்று முதல் இரண்டு யூனிட் எடுக்கும். 30 யூனிட் மீதம் இருந்தால் பதினைந்து மணி நேரத்துக்குக் குறையாது.

நடுவழியில் சார்ஜ் தீர்ந்துவிட்டால்?

திடீரென்று நிற்காது. முதலில் எச்சரிக்கும், பிறகு வேகத்தைக் குறைக்கும், அதற்குப் பிறகுதான் நிற்கும். நின்றபின் கயிறு கட்டி இழுக்க வேண்டாம். மோட்டாரோடு இணைந்த சக்கரம் தரையில் உருண்டால் மோட்டார் மின்சாரம் தயாரிக்கத் தொடங்கி, உள்ளே பழுதாக்கலாம். தட்டையான மேடை உள்ள வண்டியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். உதவிக்குக் கூப்பிடும்போதே மின்சார கார் என்று சொல்லிவிடுங்கள்.

என் போன் பேட்டரி மூன்று வருடத்தில் உயிரை விடுகிறது. கார் பேட்டரி மட்டும் எப்படித் தாங்கும்?

நல்ல கேள்வி, ஏனென்றால் இரண்டும் லித்தியம் அயனிதான். போன் பேட்டரி தினமும் முழுதாக நிரம்பி முழுதாகக் காலியாகிறது, அதைக் குளிர்விக்க எதுவும் இல்லை. கார் பேட்டரியைத் திரவம் ஓட்டிக் குளிர்விக்கிறார்கள், மேலும் கீழும் கொஞ்சம் கொள்ளளவை ஓட்டுநருக்குத் தராமல் ஒதுக்கி வைக்கிறார்கள். ஒரு நாளைக்கு 10, 15 சதவீதம் மட்டும் பயன்படுத்துபவருக்கு ஒரு முழுச் சுற்று முடியவே ஒரு வாரம் ஆகும்.

குளிர்விக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. 2010 டிசம்பரில் வந்த நிசான் லீஃப் பேட்டரிக்குத் திரவக் குளிர்விப்பு கிடையாது. அமெரிக்காவின் அரிசோனா வெயிலில் ஓடிய கார்களின் கொள்ளளவு எதிர்பார்த்ததைவிட வேகமாகக் குறைந்து 2012-இல் பெரும் புகாரானது. பிறகு நிறுவனம் கொள்ளளவுக்கும் உத்தரவாதம் தர வேண்டி வந்தது. இன்று 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ., அதுவரை 70 சதவீதக் கொள்ளளவு என்பது பரவலான உத்தரவாதம்.

குறைவு ஒரே சீராக இருக்காது. முதல் ஓரிரு ஆண்டில் சட்டென்று சில சதவீதம் போகும், பிறகு நிதானமாகும். அந்த முதல் இறக்கத்தைப் பார்த்துப் பயந்து போனவர்கள் பலர். வெப்பம், முழுச் சார்ஜில் நெடுநாள் நிறுத்தி வைப்பது, தினமும் வேகச் சார்ஜரிலேயே போடுவது ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் கவலைப்பட வேண்டும். எப்போதாவது பயணத்தில் வேகச் சார்ஜ் போடுவதால் ஒன்றும் ஆகாது.

மழையில் சார்ஜ் போடலாமா?

போடலாம். பிளக் முழுதாகப் பொருந்தி, காரும் சார்ஜரும் சமிக்ஞை பரிமாறிக்கொண்ட பிறகுதான் மின்சாரமே பாயும். ஆனால் வீட்டு பாயின்ட் மழை படாத இடத்தில் இருக்க வேண்டும், அதற்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. வெள்ளத்தில் மூழ்கிய காரில் மட்டும் சார்ஜும் போடாதீர்கள், ஆன் செய்தும் பார்க்காதீர்கள்.

தீப்பிடிக்கும் என்கிறார்களே?

பெட்ரோல் கார்களும் எரிகின்றன, செய்தியில் வருவதில்லை. கிடைத்திருக்கும் கணக்குகள் மின்சார கார்கள் குறைவாகவே எரிவதாகக் காட்டுகின்றன. ஆனால் எரிந்தால் அணைப்பது கடினம். பேட்டரிக்குள் அடுக்கியிருக்கும் செல்களில் ஒன்றின் வெப்பம் அடுத்ததைப் பற்றவைக்கும், நெடுநேரம் தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்க வேண்டும், அணைந்தபின் மறுபடி பற்றவும் கூடும்.

தயாரிப்புக் குறை வரும்போது அதைப் பொருட்படுத்த வேண்டும். செவர்லே போல்ட் காரில் எல்.ஜி. தயாரித்த செல்களில் குறை இருந்ததால், 2021 ஆகஸ்டில் அதுவரை செய்த எல்லாப் போல்ட் கார்களையும் ஜெனரல் மோட்டார்ஸ் திரும்ப அழைத்தது. சரிசெய்யும் வரை வெளியே நிறுத்துங்கள், 90-க்கு மேல் ஏற்றாதீர்கள் என்று உரிமையாளர்களிடம் சொன்னது. உங்கள் காருக்கு இப்படி ஓர் அழைப்பு வந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

பேட்டரியில் 70 சதவீதம் இருக்கிறது. கதவுகூடத் திறக்கவில்லையே?

சின்ன 12 வோல்ட் பேட்டரி செத்திருக்கும். பூட்டு, திரை, கணினி எல்லாம் அதில்தான் ஓடுகின்றன. பெரிய பேட்டரியைக் காரோடு இணைக்கும் ரிலே என்ற ஸ்விட்சை இயக்குவதும் அதுவே. மின்சார கார் வீதியில் நின்றுபோவதற்கு மிகச் சாதாரணமான காரணம் இதுதான், விற்பனையாளர்கள் சொல்வதே இல்லை. நான்கைந்து ஆண்டில் சோதித்து மாற்றிவிடுங்கள். சாவியில் ஒளிந்திருக்கும் உலோகச் சாவி எங்கே நுழையும் என்று இன்றைக்கே பார்த்து வையுங்கள்.

சர்வீஸ் செலவே இல்லையாமே?

குறைவு, இல்லாமல் இல்லை. எஞ்சின் ஆயில், ஸ்பார்க் பிளக், டைமிங் பெல்ட் கிடையாது. கூலன்ட், பிரேக் ஆயில், கேபின் ஃபில்டர் உண்டு. டயர் சீக்கிரம் தேயும். எடையும் அதிகம், இழுவையும் அதிகம். பிரேக்கில் எதிர்ப்பக்கச் சிக்கல்: மோட்டாரே வேகத்தைக் குறைத்துவிடுவதால் பேட் தேயாது, ஆனால் பயன்படாத டிஸ்க்கில் துரு ஏறும். ஃபோக்ஸ்வாகன் ஐடி.3-இல் பின்சக்கரத்துக்குப் பழைய டிரம் பிரேக்கே வைத்ததன் காரணங்களில் இதுவும் ஒன்று. பாதுகாப்பான இடத்தில் அவ்வப்போது கொஞ்சம் அழுத்திப் பிடித்துத் துருவைத் தேய்த்துவிடுங்கள்.

ஹைப்ரிட்டில் எத்தனை வகை?

மைல்டு ஹைப்ரிட் என்பது பெரும்பாலும் 48 வோல்ட் உதவி மோட்டார். தனியாகக் காரை ஓட்டாது, கொஞ்சம் எரிபொருள் மிச்சம் பிடிக்கும், அவ்வளவே. முழு ஹைப்ரிட் 1997 டிசம்பரில் ஜப்பானில் டொயோட்டா பிரியஸ் தொடங்கி வைத்த வகை. மெதுவாகப் போகும்போது மோட்டாரில் ஓடும், பிரேக் பிடிக்கும்போது சேமிக்கும். செருக வேண்டியதில்லை. சீரீஸ் ஹைப்ரிட்டில் எஞ்சின் மின்சாரம் மட்டும் தயாரிக்கும், சக்கரத்தைச் சுழற்றுவது மோட்டார்தான். நிசானின் இ-பவர் அப்படி. பிளக்-இன் ஹைப்ரிட்டில் பெரிய பேட்டரி, சார்ஜ் போடும் வசதி, முழு எஞ்சின் எல்லாம் இருக்கும்.

“தானே சார்ஜ் ஆகும் கார்” என்று விளம்பரம் செய்வார்கள். அதில் ஏறும் ஒவ்வொரு யூனிட்டும் நீங்கள் போட்ட பெட்ரோலிலிருந்து வந்ததுதான்.

பிளக்-இன் ஹைப்ரிட் வாங்கினால் இரண்டு நன்மையும் கிடைக்குமா?

தினமும் செருகினால் கிடைக்கும். அன்றாடப் பயணம் முழுக்க மின்சாரத்தில், நீண்ட பயணம் பெட்ரோலில். செருகாவிட்டால், கனமான பேட்டரியைச் சுமந்துகொண்டு ஓடும் பெட்ரோல் கார் அது. ஐரோப்பிய ஆணையம் 2021-இல் பதிவான கார்களின் உண்மையான எரிபொருள் கணக்கை எடுத்துப் பார்த்து 2024-இல் வெளியிட்டது. பிளக்-இன் ஹைப்ரிட்களின் கரியமில வாயு வெளியீடு சோதனைக்கூட எண்ணைவிடச் சராசரியாக 3.5 மடங்கு இருந்தது. சார்ஜ் போடும் ஆர்வம் எல்லோரிடமும் ஒன்றுபோல் இல்லை என்பது அதில் தெரிகிறது. வீட்டில் பிளக் இல்லாதவர்களிடம்தான் இந்த வகையை “இடைக்கால வழி” என்று சொல்லி விற்கிறார்கள். அவர்கள்தான் இதை வாங்கவே கூடாது.

தினமும் செருகுபவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாதக்கணக்கில் எஞ்சின் ஓடாமல் இருந்தால் டாங்கியில் பெட்ரோல் பழையதாகும். சில கார்கள் தாமாகவே எஞ்சினை ஓட்டிப் பார்த்துக்கொள்ளும். எப்படியும் டாங்கியை நிறைக்காமல், கொஞ்சமாகப் போட்டுத் தீர்ப்பது நல்லது. எஞ்சின் ஆயிலையும் கிலோமீட்டரை வைத்து மட்டும் பார்க்காமல் காலத்தை வைத்தும் மாற்றுங்கள்.

ஹைப்ரிட் பேட்டரிக்கு ஏதாவது பராமரிப்பு உண்டா?

பல ஹைப்ரிட்களில் பேட்டரியைக் குளிர்விப்பது காருக்குள் இருக்கும் காற்று. பின் இருக்கைக்குப் பக்கத்தில் அதற்கு ஒரு சின்னக் காற்றுத் துவாரமும் ஃபில்டரும் இருக்கும். தூசி, நாய் முடி, மேலே போட்ட பை எல்லாம் அதை அடைத்துவிடும். அது தெரியாமல் பேட்டரியையே மாற்றும் நிலைக்குப் போனவர்கள் உண்டு. சர்வீஸ் கொடுக்கும்போது அந்த ஃபில்டரைச் சுத்தம் செய்யச் சொல்லிக் கேளுங்கள், கேட்காவிட்டால் பல இடங்களில் தொட மாட்டார்கள்.

பழைய மின்சார கார் வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

ஓடிய கிலோமீட்டரைவிடப் பேட்டரியின் ஆரோக்கிய அறிக்கை முக்கியம். திரையில் தெரியும் ரேஞ்ச் எண்ணை நம்ப வேண்டாம். அது கடைசியாக ஓட்டியவரின் பாணியைச் சொல்லும், பேட்டரியின் நிலையைச் சொல்லாது. பணம் கொடுக்கும் முன் மெதுவான சார்ஜரிலும் வேகச் சார்ஜரிலும் ஒரு முறை போட்டுப் பாருங்கள், இரண்டுக்கும் காருக்குள் வேறு வேறு பாகங்கள் வேலை செய்கின்றன. சார்ஜ் கேபிள் கூட வருகிறதா, பேட்டரி உத்தரவாதம் உங்கள் பெயருக்கு மாறுமா, திரும்ப அழைப்பு ஏதாவது நிலுவையில் இருக்கிறதா என்று கேளுங்கள். பழைய உரிமையாளரின் செயலிக் கணக்கை நீக்கச் சொல்லவும் மறக்காதீர்கள், இல்லாவிட்டால் உங்கள் கார் எங்கே நிற்கிறது என்று அவருக்குத் தெரிந்துகொண்டே இருக்கும்.

ஒரு மாதம் வெளியூர் போகிறேன். காரை எப்படி விட்டுச் செல்வது?

பேட்டரியை 50 சதவீத அளவில் வைத்து, நிழலில் நிறுத்துங்கள். சுற்றுப்புறத்தைப் படம்பிடிக்கும் காவல் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள், பெரிய பேட்டரியைச் சத்தமில்லாமல் தின்பது அதுதான். செயலியைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள், ஒவ்வொரு முறையும் கார் விழித்துக்கொள்ளும். 12 வோல்ட் பேட்டரி பழையதென்றால் கிளம்பும் முன் மாற்றிவிடுங்கள்.